படகின் அடியில் ஓட்டை போட்ட என் அண்ணனுக்கு

என் தவசியண்ணே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வராத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் இங்கே எப்படி இருக்கிறது என்று நானே சொல்கிறேன். இந்த ஐப்பசியில் விடாத மழை. நம்ம கண்மாய் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. உள்ளே நிற்கிற கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் கிடக்கின்றன. நீ இருந்திருந்தால் விடிந்ததும் கரையில்தான் நின்றிருப்பாய்.

மதினி நன்றாக இருக்கிறாள். பங்குனியில் நீ போனதிலிருந்து அதிகம் பேசாமல் இருந்தவள், இப்போது கொஞ்சம் பேசுகிறாள். அது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். திருமங்கலத்தில் உன் பம்ப்செட் பட்டறை இருந்த இடத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார்கள். நான் அதே நர்ஸ் வேலை, அதே பை, அதே ஊர்கள்.

இதை ஊரறிய எழுதுகிறேன் அண்ணே. உன் படகைப் பற்றி மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. பட்டாளத்துப் படகு என்கிறார் ஒருவர். சினிமாக்காரர்கள் விட்டுப் போனது என்கிறார் இன்னொருவர். நடந்தது உனக்குத் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் அக்கரைப்பட்டி. வெயில் காலத்தில் கண்மாய்க்குள்ளேயே வண்டிப் பாதையில் நடந்து போய்விடலாம். தண்ணீர் நிறைந்தால் அந்தப் பாதை முழுகிவிடும். கரையைச் சுற்றிப் போகலாம் என்றால் நடுவில் மறுகால், மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடும் கலிங்கு, இரைந்துகொண்டு பாயும். வாழைத்தண்டுத் தெப்பத்தில்தான் ஆட்கள் வந்து போவார்கள். வலியெடுத்த பெண்கள் இடுப்பு வரை நனைந்து வந்து என் முன்னால் நிற்பார்கள். அதை ஒரு தடவை உன்னிடம் சொன்னேன். நீ சாப்பிட்டு எழுந்து போனாய்.

மறுவாரம் மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் கவிழ்த்துப் போட்டு அந்த அலுமினியப் படகைக் கொண்டுவந்தாய். மதுரையில் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரின் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வாங்கினாயாம். ஆற்றை அளக்க வந்தவர்கள் கழித்துப் போட்டது என்று அவர் சொன்னாராம். அங்கங்கே நசுங்கியிருந்தது, ஆனால் ஒழுகவில்லை. இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

அந்த லேசுதான் வினையாகப் போயிற்று. துடுப்புப் போட்டுப் பார்த்தோம். வாடைக்காற்று அடித்ததும் சருகு மாதிரி ஒதுங்கிப் போய்க் கருவேல முள்ளுக்குள் புகுந்துவிட்டது. சேலை கிழிந்து, கையெல்லாம் கீறலோடு நான் இறங்கினேன்.

"இதுக்கு ஒரு இஞ்சின் வைக்கணும்த்தா" என்றாய்.

படகுக்கு வெளியே தொங்கவிடுகிற மோட்டார் கடற்கரை ஊர்களில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். மதுரையில் யாரிடமும் இல்லை. அது கிடைத்தாலும் ஆகாது என்றாய். தண்ணீரைத் தள்ளுகிற அதன் காத்தாடி ஆழமாகத் தொங்குமாம், முழுகிக் கிடக்கிற கருவேல மூட்டில் அடித்து முறிந்துவிடுமாம். உன்னிடம் ஒரு சின்ன பம்ப்செட் இஞ்சின் இருந்தது. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுமே, அது. அதைப் படகுக்குள்ளேயே உட்கார வைத்து, ஒரு கம்பியை அடி வழியாக வெளியே விட்டு, நுனியில் காத்தாடி மாட்டப் போவதாகச் சொன்னாய்.

"அடி வழியான்னா?"

"அடியில ஒரு ஓட்டை போட்டுத்தான்."

"நல்லா இருக்குற படகுல ஓட்டை போடப் போறியா? உனக்கென்ன கிறுக்காண்ணே?"

நீ சிரித்தாய். பட்டறையில் பிரித்துப் போட்டிருந்த பம்பு ஒன்றின் முன்னால் என்னை உட்கார வைத்தாய். சுற்றுகிற தண்டு வெளியே வருகிற இடத்தில், கிரீஸில் ஊறிய நூல்கயிற்றைச் சுற்றித் திணித்து மூடி போட்டு இறுக்கியிருந்ததைக் காட்டினாய்.

"இதுக்குப் பேரு கிளாண்டு. உள்ள அம்புட்டுத் தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது, தண்டும் சுத்திக்கிட்டே இருக்கு. ஆனாலும் வெளிய வரலையில்ல? பம்புல இருந்து தண்ணிய வெளிய விடாத கயிறு, படகுக்குள்ள மட்டும் விட்ருமா?"

அன்றுதான் எனக்கும் அந்தக் கிறுக்கு பிடித்தது. அடுத்து என்ன, அது ஏன், இது எதற்கு என்று உன் பின்னாலேயே திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பட்டறைதான். மதினி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "அண்ணனும் தங்கச்சியும் கப்பல்லயே குடியிருங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஓட்டை போட்டது மதுரையில், இஸ்மாயில் பாயின் பாத்திரப் பட்டறையில். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி தேக்சா அடிக்கிறவர். அலுமினியத்தை அவர் அளவுக்குப் பழகியவர் உனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. அவர் படகைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"என்னா தவசி, இம்புட்டுப் பெரிய தேக்சாவ யாரு வாங்குனா?" என்றார். பிறகு, "தண்டு போற குழாயி இரும்பா? ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தொடக் கூடாதுப்பா. ஈரத்துல இரும்பும் இதுவும் சேந்தா, இது வெள்ளப் பொடியாக் கொட்டிப் போயிரும்" என்றார்.

"ஏன் பாய்?" என்று கேட்டேன்.

"ஏன்னு எனக்குத் தெரியாது தங்கச்சி. ரெண்டுக்கும் ஆகாது. அம்புட்டுத்தான்."

நீயும் அவரும் லாரி டியூப்பை வெட்டிக் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்து ஆணியடித்துத் தறைந்தீர்கள். அது ஏன் ஆகாது என்று திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்துக் கேட்டு வந்து உன்னிடம் சொன்னேன். இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் பேட்டரி மாதிரி ஆகிவிடுமாம், அதில் அலுமினியம் கரையுமாம். "அடேயப்பா, படகே ஒரு பேட்டரியா!" என்று நீ பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாய்.

இஞ்சினை முதலில் பின்பக்கம் வைத்தாய். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தது. பிறகு நடுவை ஒட்டி வைத்தாய். மெல்லிய தகடு கனம் தாங்காதென்று, அடியில் நீளவாக்கில் இரண்டு புளியங்கட்டைகளைப் போட்டு அதன் மேல் இஞ்சினை முடுக்கினாய். ரைஸ் மில்லில் இருக்கிற மாதிரி புல்லியும் பெல்ட்டும் மாட்டினாய். ஒரு நெம்புகோலை இழுத்தால் பெல்ட் இறுகிக் காத்தாடி சுற்றும், விட்டால் தளர்ந்து நின்றுவிடும். பின்னால் போக வழியில்லை. "பின்னால போறதுக்கு மூங்கில் கம்பு இருக்கு" என்றாய். முதல் காத்தாடியை மேசை விசிறியிலிருந்து எடுத்திருந்தாய். தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றியதும் அது அப்பளம் மாதிரி மடங்கிப் போயிற்று. அடுத்ததைக் கனமான இரும்புத் தகட்டில் மூன்று இதழாக வெட்டிச் செய்தாய்.

எல்லாம் முடிந்து தண்ணீரில் இறக்கியதும் படகு ஓடியது. கரையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். ஆனால் அடியில் எங்கோ டக் டக் என்று ஒரு இடி. ஒவ்வொரு ஓட்டத்திலும் தறை ஆணிகள் நெகிழ்ந்து தண்ணீர் கசிந்தது. நீ இஞ்சினின் போல்ட்டுகளைத் திரும்பத் திரும்ப முடுக்கினாய். திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டாய். மெல்லிய அலுமினியம், படகு முழுக்கத் தாளம் போட்டது. எங்கிருந்து வருகிறதென்று பிடிபடவில்லை.

நான் என் பையிலிருந்து குழலை எடுத்தேன். கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கிற குழல். அதுவும் அலுமினியம்தான். இஞ்சினை ஓடவிட்டுப் படகின் அடியில் ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். கரையில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னத்தா, பிள்ளை நல்லா இருக்கா?" என்றாய் நீயும்.

"தலை திரும்பல" என்றேன். இடி இஞ்சினுக்குக் கீழே இல்லை. பின்னால், தண்டு வெளியே போகிற குழாய்க்கு மேல்தான் பலமாகக் கேட்டது. நீ என்னை ஒதுக்கிவிட்டுக் குழலில் காதை வைத்தாய். உன் முகம் மாறியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. தண்டும் அது போகிற குழாயும் ஒரே கோட்டில் இல்லை, ஒரு மயிரிழை விலகியிருந்தது. பின்பக்கத்துத் தாங்கியைக் கொஞ்சம் தூக்கி வைத்ததும் இடி நின்றது. அதற்குப் பிறகு நீ ரொம்ப நேரம் அந்தக் குழலைத் திருப்பித் தரவில்லை. உன் நெஞ்சில் வைத்துக் கேட்டாய், வேப்ப மரத்தில் வைத்துக் கேட்டாய், பிடித்து நிறுத்திய ஒரு ஆட்டின் வயிற்றில்கூட வைத்துக் கேட்டாய்.

கார்த்திகையில் அந்த நாள் வந்தது. மதியம், மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கரைப்பட்டியிலிருந்து ராசு நீந்தியே வந்துவிட்டான். அவன் மனைவி பூங்கொடிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை, உதிரம் நிற்கவில்லை. நீ எங்களை ஏற்றிக்கொண்டு போனாய். போகும்போது ஒரு குறையும் இல்லை. என்னால் ஆனதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள் என்று தெரிந்துபோயிற்று. குழந்தையை அவளுடைய அத்தையிடம் விட்டுவிட்டு அவளைத் தூக்கி வந்தோம்.

இஞ்சினுக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில்தான் அவளைப் படுக்க வைக்க முடிந்தது. முழங்காலை மடக்கி, ஒருக்களித்துக் கிடந்தாள். படகின் மூக்கில் மோதுகிற அலை அவள் முகத்தில் தெறித்தது. நான் முந்தானையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதித் தூரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. திடீரென்று இஞ்சின் அலறியது. படகு நகரவில்லை.

"பெல்ட்டு நனைஞ்சு வழுக்குது!" என்று கத்தினாய். நெம்புகோலை இரண்டு கையாலும் இழுத்தாய். துண்டால் துடைத்துவிட்டு இழுத்தாய். கொஞ்சம் பிடித்தது, மறுபடி வழுக்கியது. காற்று எங்களை மறுகால் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. ராசு கம்பை ஊன்றினான். கம்பு முழுக்க உள்ளே போயும் தரை தட்டவில்லை.

"கொஞ்சம் குங்கிலியம் இருந்தாப் போதும்! மில்லுல பெல்ட்டு வழுக்குனா அதத்தான் தடவுவாய்ங்க, ஒட்டிப் பிடிச்சுக்கும்" என்றாய்.

குங்கிலியம் என்றதும் எனக்குப் பையில் இருந்த புட்டி ஞாபகம் வந்தது. காயத்தின் மேல் தடவுகிற டிங்சர் பென்சாயின். சாம்பிராணியை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான் அது. கையில் பட்டால் பிசின் மாதிரி ஒட்டும்.

"அண்ணே, சாம்பிராணி ஆகுமா?"

"ஆகும், எங்கிட்டு இருக்கு?"

"எங்கிட்ட இருக்கு. ஆனா ஸ்பிரிட்டு கலந்தது. சூட்டுல தீப்பிடிச்சுரும்."

நீ உடனே இஞ்சினை நிறுத்திவிட்டாய். அந்த அமைதியில்தான் மறுகாலின் இரைச்சல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. என் குடையை விரித்து ராசுவிடம் கொடுத்துப் பெல்ட்டுக்கு மேல் பிடிக்கச் சொன்னாய். நீ துடைத்தாய், நான் ஊற்றினேன், நீ விரலால் தேய்த்துக்கொண்டே பெல்ட்டை உருட்டினாய். ஸ்பிரிட் பறந்து போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. பூங்கொடி கண்ணை மூடிக்கொண்டே, "நர்சம்மா, வீட்டுக்கு வந்துட்டமா?" என்று கேட்டாள். "வந்துட்டம்த்தா" என்றேன்.

கயிற்றைச் சுற்றி இழுத்தாய். கிளம்பவில்லை. மறுபடி இழுத்தாய். கிளம்பியது. நெம்புகோலைச் சாய்த்தாய். பெல்ட் பிடித்தது. படகு ஒரு உலுக்கு உலுக்கி, மறுகாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பியது. கரைக்கு வரும் வரைக்கும் பூசை நடக்கிற வீடு மாதிரி மணத்துக்கொண்டே வந்தோம்.

பூங்கொடி பிழைத்தாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வகுப்பில் யாரையும் பேசவிடுவதில்லையாம். நீ மறுநாளே மண்ணெண்ணெய் டின்னை வெட்டிப் பெல்ட்டுக்கு ஒரு மூடி செய்து மாட்டினாய். அடுத்து வந்த மழைக்காலங்களில் எத்தனையோ பேரை அந்தப் படகில் ஏற்றி வந்தோம். பிறகு சுற்றுப்பாதையில் மறுகாலுக்குக் குறுக்கே தரைப்பாலம் கட்டினார்கள், பஸ்ஸே போனது. நீ இஞ்சினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்தாய். படகு கொல்லையில் கவிழ்ந்து, கோழிகள் அடைகிற இடமாயிற்று. அதில் உனக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பாலம் வந்தது நல்லது என்றுதான் சொன்னாய்.

இந்த ஐப்பசி மழை அந்தத் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது அண்ணே. அக்கரைப்பட்டிக்காரர்கள் வந்து மதினியிடம் படகைக் கேட்டார்கள். ராசு இப்போது டிராக்டர் ஓட்டுகிறான், இஞ்சின் பழக்கம் உண்டு. அவனும் நானும் மதினியுமாகக் கோழிகளை விரட்டிவிட்டுப் படகை நிமிர்த்தினோம்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். புளியங்கட்டைகளில் இஞ்சின் இருந்த இடத்துக்கு முன்னால், புதிதாக நான்கு துளைகள். சுத்தமாகத் துளைத்து, எண்ணெய் விட்டு, தக்கை வைத்து அடைத்திருந்தாய். அதில் எதையும் மாட்டிய தடம் இல்லை. இவை எதற்கு?

பெரிய இஞ்சின் வைக்க நினைத்திருப்பாய் என்றான் ராசு. அளந்து பார்த்தோம், அதே பழைய இஞ்சினின் கால்களுக்குத்தான் பொருந்தின. ஆனால் இஞ்சினை அங்கே வைத்தால் தண்டு எட்டாது. அப்படியென்றால் ஏன் துளைத்தாய்? நான் இரண்டு நாள் வேறு நினைப்பே இல்லாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் மதினி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் கம்பியின் நுனியில் ஒரு காடி வெட்டியிருந்தது. புல்லியைப் பிடித்துக்கொள்கிற காடி.

"மதினி, இந்தக் கம்பி ஏது?"

"உங்கண்ணே பரண்ல எண்ணெத் துணி சுத்தி வச்சிருந்துச்சு. சும்மாதானே கிடக்குன்னு எடுத்தேன். ஏந்த்தா?"

பழைய தண்டை விட நீளம். கடைசலில் கொடுத்து வழவழவென்று தேய்த்திருந்தாய். அதைக் கொண்டுபோய் மாட்டினோம். இஞ்சினை முன்னால் தள்ளி வைத்தோம். துளை, தண்டு, புல்லி எல்லாம் அப்படியே உட்கார்ந்தன. தண்டுக்கு மேல் பலகை போட்டதும், இஞ்சினுக்குப் பின்னால் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம். ஆனால் அங்கே ஆளைப் படுக்க வைத்தால் படகு பின்னால் அமுங்காதா? அதைத் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும்.

"யாராச்சும் படுங்க" என்றேன். ராசு சுக்கானைப் பிடித்திருந்தான், நான் இஞ்சினிடம் இருந்தேன். மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். காலை நீட்டி மல்லாந்து படுத்தாள். படகு ஒரு பக்கமும் சாயாமல், தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி மட்டமாக நின்றது. இஞ்சினைக் கிளப்பினேன். ஒரு துளிகூட அவள் மேல் தெறிக்கவில்லை. அவள் ஆகாயத்தைப் பார்த்தபடி கிடந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"மனுசன் இம்புட்டு வருசத்துல ஒரு நாளும் என்னைய இதுல ஏத்துனதில்ல பேச்சி" என்றாள். "பிள்ளத்தாச்சிகளுக்குத்தான்னு சொல்லிருச்சு."

இதை எப்போது செய்தாய் அண்ணே? ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை? பாலம் வந்த பிறகு சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டாயா? அல்லது பாலம் ஒரு நாள் போகும் என்று உனக்குத் தெரிந்திருந்ததா? யாரிடம் கேட்பேன்?

இன்னொரு செய்தியும் உண்டு. ராசுவுக்கு உழவு வேலை வந்ததும் படகோட்ட ஆள் இல்லாமல் போயிற்று. மதினி, "நான் ஓட்டக் கூடாதா?" என்றாள். பொம்பளை எப்படி இஞ்சின் கயிறு இழுப்பாள் என்று கரையில் நாலு பேர் பேசினார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. முதல் இழுப்பிலேயே கிளப்பினாள். நேற்று என்னை அக்கரைப்பட்டியில் விட்டு, தடுப்பூசி போட்டு முடிக்கிற வரை காத்திருந்து, திருப்பி அழைத்து வந்தாள். நடுக் கண்மாயில் திடீரென்று இஞ்சின் சத்தம் அடங்கியது.

"என்ன மதினி, நின்னுபோச்சா?"

"இல்லத்தா, நாந்தான் நிப்பாட்டுனேன். இங்கன இருந்து பாத்தா நம்ம வீடு எப்பிடித் தெரியுதுன்னு பாக்கணும்னு தோணுச்சு."

இரண்டு பேரும் பார்த்தோம். வெள்ளையாக, சின்னதாக, புளிய மரத்துக்குக் கீழே தெரிந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அவளே கயிற்றைச் சுற்றினாள்.

அண்ணே, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கண்மாயில் தண்ணீர் நிற்கிற வரைக்கும் மதினியைக் கரையில் உட்கார விடமாட்டேன்.

கேள்வி கேட்டே உன் உயிரை வாங்கிய,
உன் கூடப் பிறந்தவள்,
பேச்சி